கரிச்சிலுவை போட்ட மூட்டை

அன்றைக்கு எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோருக்குள் இருந்தவர்கள்: கங்காணி ஒருவர். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் படக்காரர் ஒருவர். உபதேசியார் ஒருவர். என் அம்மா, அம்மா மடியில் தம்பி. லயத்துப் பெண்கள் ஒன்பது பேர். ஆண்கள் ஏழு பேர். பிள்ளைகள், என்னையும் சேர்த்து, பன்னிரண்டு பேர். ஆக முப்பத்து மூன்று. அப்பா உள்ளே இல்லை. வெளியே அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

எண்ணுவது என் வியாதி. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல்களை எண்ணுவேன். படுக்கப் போகுமுன் கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். ஆனால் இந்த முப்பத்து மூன்றை மட்டும் ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் வைத்திருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளில் இன்னும் இருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. எழுத்துப் பிழையைத் திருத்தித் தருவதாக மகன் சொல்லியிருக்கிறான். விஷயத்தைத் திருத்த அவனை விடவில்லை.

போன மாதம் ஒரு தம்பி கஞ்சிக்கோட்டில் என் மகன் வீட்டுக்கு வந்தார். குமுளிப் பக்கத்துப் பையன், மரியாதையான பையன். செருப்பை வாசலில் நேராக விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். சின்னச் செலவில் ஒரு படம் எடுக்கிறாராம், நம் பாதைக்காரரைப் பற்றி. சக்குபள்ளத்துப் பழைய லயத்து ஆட்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடித் தேடி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறார்.

பாதைக்காரரை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கையில் இது போனால் அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். கம்பத்து அரிசியைச் செக்போஸ்ட் பக்கம் போகாமல் காட்டுப் பாதையில் மேலே கொண்டுவந்து லயங்களில் விற்பவர் அவர். திரும்பி இறங்கும்போது யாருடைய ஏலக்காயாவது அவர் தலையில் இறங்கும். போலீஸ் கேஸ் உண்டு. மழை பிடித்து வேலை இல்லாத வாரங்களில் அரிசியைக் கடனாகவும் தருவார். அவரைப் பற்றி லயத்தில் மூன்று கதை நடமாடியது. வனக்காவலரின் துப்பாக்கியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார் என்பது ஒன்று. ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குத் தங்கச் சங்கிலி போட்டார் என்பது ஒன்று. கூலிக்காரர் பொருளை விரலால் தொடமாட்டார் என்பது மூன்றாவது. அந்தக் கல்யாணப் பெண் என் அத்தை மகள். அவளுக்குக் கிடைத்தது ஓர் அலுமினியக் குடம். அதைப் பிறகு அவளே சொன்னாள், ஆனால் குடத்தைப் பற்றி யாரும் கதை சொல்ல விரும்பவில்லை.

அந்தத் தம்பியின் படத்தில் பாதைக்காரர் தொப்பி போட்டுக் குதிரையில் வருகிறார். குதிரைக்கு மூன்று நாள் வாடகை பேசியாகிவிட்டதாம். நம் மலையில் நான் குதிரையைக் கண்ணால் பார்த்ததில்லை. நாம் பார்த்த பாதைக்காரர் தலையில் சாக்கை மடித்துக் கவிழ்த்துக்கொண்டு, காலில் அட்டைப்பூச்சிக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு நடந்து வந்தவர். சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

“ஒரு லயத்துப் புள்ளைய ஆஸ்டல்ல சேத்துப் படிக்க வச்சிருக்காரும்மா. அதான் படத்துக்கு முடிவே. அந்தப் புள்ள யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் போனார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேனா இல்லையா என்று இரண்டு முறை பார்த்தேன்.

*

அந்தப் பருவத்தில் படக்காரர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதே படம். ஊரில் வேறு எங்கும் கரண்டு இல்லாததால் ஏலக்காய் ஸ்டோரில்தான் படம். சாயங்காலமானால் வழியில் யானை இறங்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஆரம்பித்துவிடும். ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்குவார்கள். உலர்த்துகிற அறைக்கு அடுத்த அறை அது, காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற இடம். நடுச்சுவர் சூடாக இருக்கும். குளிருக்குப் பிள்ளைகள் எல்லோரும் அந்தச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்காருவோம். காய்கிற ஏலக்காயின் வாசனை மூக்கில் ஏறி ஏறி, கொஞ்ச நேரத்தில் வாசனையே இல்லாததுபோல் ஆகிவிடும். இன்றைக்கும் பாயசத்தில் யாராவது ஏலக்காய் கூடப் போட்டுவிட்டால் எனக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்.

படம் வெள்ளைக்காரப் படம். மலிவாக எடுத்தது என்று இப்போது தெரிகிறது. ஒரே பாறையை எட்டுத் தடவை சுற்றுவார்கள். தெருவில் ஒரு வீடு மட்டும் நிஜம், மற்றதெல்லாம் பின்பக்கம் இல்லாத பலகைகள். காற்றடித்தால் ஒரு கடையே ஆடும். படக்காரர் புரொஜெக்டர் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் தமிழில் சொல்லுவார். “இது நெசமா நடந்த கதைங்க. இந்தக் கொள்ளைக்காரரு நெசமா இருந்தவருங்க” என்றுதான் ஆரம்பிப்பார்.

வாளையார்ப் பக்கத்து மனுஷர் அவர். அதனால் அந்தப் படத்தில் எல்லோரும் வாளையார்த் தமிழ்தான் பேசினார்கள். ஷெரீப்பின் நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கதாநாயகன், “ஏனுங்க, துப்பாக்கியக் கீழ வச்சுப் போடுங்க. எனக்குக் கோவம் வந்தா நல்லா இருக்காதுங்க” என்பான். நமக்கு அந்த ‘ங்க’ புதிது. ஒரு மாதம் முழுக்க நாமும் அப்படியே பேசித் திரிந்தோம். பாக்குப் பாளையில் தொப்பி வெட்டி, ஏலத்தட்டையைத் துப்பாக்கியாகப் பிடித்து, ஒருத்தரை ஒருத்தர் மரியாதையாகச் சுட்டுக்கொண்டோம். ஷெரீப்பாக யாரும் வரமாட்டார்கள். கடைசியில் என் தம்பியைத்தான் நிறுத்தி வைப்போம். அவனுக்கு அப்போது சரியாகப் பேச்சே வரவில்லை.

அதில் ஒரு காட்சி. கொள்ளைக்காரன் ஓர் அறைக்குள் நுழைகிறான். இரண்டு பெட்டிகள். ஒன்று பாங்குப் பெட்டி. இன்னொன்றின் மேல் சிலுவை. அவன் சிலுவைப் பெட்டியின் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றுகிறான். ஏதோ இரண்டு வார்த்தை சொல்கிறான். படக்காரர் குரலைத் தாழ்த்தி, “இது ஏழைங்களோடதுங்க. நமக்கு வேண்டாமுங்க” என்பார். நம் உபதேசியார் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைப்பார். பின்வரிசையில் யாராவது ஓர் ஆள், “நம்ம பாதைக்காரரு மாதிரியே” என்று சொல்லாமல் அந்தக் காட்சி முடிந்ததில்லை.

*

பிடி மூட்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெடித்த காயையும் உதிர்ந்த காயையும் கம்பெனி எடை போடாது. சனிக்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் வாயால் சொல்லியிருந்தார். காகிதம் எதுவும் கிடையாது. அந்தப் பிடிகளை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஒரே சாக்கில் போட்டு வைப்பார்கள். கம்பெனிக் காயோடு சேர்த்து அப்பா அதையும் உலர்த்தித் தருவார். பருவம் முடிந்து அதை விற்கிற பணம் ஒரு வீட்டுக்கு. எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள்.

அந்த வருடம் எங்கள் வீடு. எனக்குப் பதினொரு வயது. எஸ்டேட் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடும். கீழே கன்னியாஸ்திரிகள் நடத்தின ஆஸ்டலில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். முதல் வருடத்துப் பணத்தைக் கட்டினால்தான் இடம். அந்த மூட்டையை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை. திங்கட்கிழமை அதை வியாபாரியிடம் கொண்டுபோவதாக இருந்தது. படம் ஞாயிற்றுக்கிழமை.

மூட்டை பின்கதவுக்குப் பக்கத்தில் தனியாக நின்றது. கம்பெனி மூட்டைகள் நாற்பதும் எதிர்ச் சுவரில், தைத்து, ஈயமுத்திரை வைத்து, எண் போட்டு அடுக்கியிருந்தன. நான் வெள்ளிக்கிழமையிலிருந்தே அந்த மூட்டையைப் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்தபடி இருந்தேன். எலி கடித்துவிட்டால்? கூரை ஒழுகினால்? கம்பெனி மூட்டையோடு யாராவது தவறிச் சேர்த்துவிட்டால்? ஞாயிறு காலையில் அப்பாவின் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, சாக்கின் மேல் பெரிதாக ஒரு சிலுவை போட்டேன். யார் பார்த்தாலும் இது ஏழைகளுடையது என்று தெரியட்டும் என்று. படத்தில் பார்த்ததுதான்.

*

படம் பாதி போயிருக்கும். அம்மா, “ஏண்டி, ஒரு எடத்துல ஒக்கார மாட்டியா?” என்று பல்லைக் கடித்தாள். அதற்குள் நான் நான்காவது தடவையாக மூட்டையிடம் போய்விட்டேன். பலகைக் கதவுக்கு வெளியே யாரோ மெதுவாகத் தட்டினார்கள். ஓட்டை வழியாகப் பார்த்தால் பாதைக்காரர். விரலை உதட்டில் வைத்துச் சிரித்தார்.

நான் கொண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்தேன். ஒரு சாண் அகலம்தான். அவ்வளவு நேரம் இருட்டில் இருந்த அறைக்குள் வெளிச்சம் கோடாகப் பாய்ந்து நேரே திரையில் விழுந்தது. கதாநாயகன் முகம் அழிந்துபோனது. நீங்கள் எல்லோரும் கத்தினீர்கள். புரொஜெக்டர் எனக்கு இரண்டு கை தூரத்தில் இருந்தது. படக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நிஜமாகப் பார்த்தார், கண்ணுக்குக் கண். பிறகு மைக்கில், “விடிஞ்சு போச்சுங்க. குதிரையெல்லாம் எந்திரிச்சாச்சு” என்றார். எல்லோரும் சிரித்து, சிரிப்பில் திரும்பிப் பார்க்க மறந்தார்கள்.

நான் வெளியே தலையை நீட்டிக் கிசுகிசுத்தேன். “சிலுவை போட்டது எங்களுது. என் ஆஸ்டலுக்கு. அதத் தொட்றாதீங்க.”

“சரி தாயி. நீ போய்ப் படத்தப் பாரு. கொண்டியப் போடாத” என்றார்.

கதவைச் சாத்தினேன். கொண்டியைப் போடவில்லை. போய் உட்கார்ந்தேன். கம்பெனி மூட்டை போனால் அடுப்புக்காரர் என்று முதலில் பிடிபடப்போவது அப்பாதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அந்த ஒன்றுக்குப் பயப்படவில்லை. எனக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ரீல் முடிந்தது. திரை வெறும் வெள்ளையானது. படக்காரர் குனிந்து டார்ச் வெளிச்சத்தில் அடுத்த ரீலை மாட்டிக்கொண்டிருந்தார். நாம் கையை நீட்டித் திரையில் மானும் நாயும் காட்டிக் கூச்சல் போட்டோம். நானும்தான் காட்டினேன், ஒரு கொக்கு. அந்த நேரத்தில்தான் அது போயிருக்க வேண்டும்.

*

ஜன்னல் சாக்குகளைத் தூக்கியதும் முதலில் பார்த்தவள் அம்மா. கத்தவில்லை. மூட்டை இருந்த இடத்தில் போய் நின்றாள். தரையில் கரித்தூள் கொஞ்சம் இருந்தது. கம்பெனி மூட்டைகள் நாற்பதும் அப்படியே இருந்தன.

ஏன் அப்படி என்று எனக்கு விளங்க எத்தனையோ வருடம் ஆனது. கம்பெனி மூட்டையில் முத்திரையும் எண்ணும் உண்டு, காணாமல்போனால் மறுநாளே போலீஸ் வரும். நம் மூட்டையைப் பற்றி யார் போய் எங்கே சொல்வது? உங்களுக்கு ஏது ஏலக்காய் என்றுதான் முதல் கேள்வி வரும். மேனேஜர் வாயால் சொன்னதை வாயாலேயே இல்லை என்பார். ஏழைகளுடையது என்று நான் போட்ட சிலுவை, கேஸ் வராத மூட்டை எது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தது.

பாதைக்காரர் பெயரை யாரும் எடுக்கவில்லை. கூலிக்காரர் பொருளை அவர் தொடமாட்டார் என்பதில் முப்பத்தோரு பேருக்கு ஒரே நம்பிக்கை. தம்பிக்கு வயது போதாது, படக்காரர் வெளியூர். ஆகவே படக்காரர்தான் மிஞ்சினார். பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர். காலையில் ஏலக்காய் என்ன விலை போகிறது என்று யாரிடமோ கேட்டிருக்கிறார். கொள்ளைக்காரனைப் புகழ்ந்து பேசுகிறவர்.

கங்காணி அவர் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். “பாத்துக்குங்க. ஒளிக்க என்னங்க இருக்குது” என்று அவரே திறந்தார். ஒரு லுங்கி, பாதி பன், ரீல்கள். கங்காணி ஒரு ரீலை உதறினார், அது சுருள் சுருளாகத் தரையில் விழுந்து ஓரிடத்தில் அறுந்தது. அந்தத் துண்டில் ஒன்றை நான் எடுத்து மறைத்துக்கொண்டேன். தொப்பிக்காரன் முகம் நான்கு கட்டத்தில் இருந்தது. வெகுநாள் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். கல்யாணமாகிக் கஞ்சிக்கோட்டுக்கு வந்த சாமான்களில் அது இல்லை.

“கொண்டி எப்படிய்யா தெறந்துச்சு? நீதான பக்கத்துல ஒக்காந்திருந்த” என்று கங்காணி கேட்டார்.

நான் அம்மாவின் பின்னால் நின்றிருந்தேன். படக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“காத்துல தெறந்துச்சுங்க. நான் பாத்தனுங்க.”

“காத்தா? வெளிய ஒரு எல அசையல. படத்துல கத விட்ட மாதிரி இங்கயும் விடுறியா?”

ஆண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அது தீர்மானமாகிவிட்டது. காற்று என்று சொன்னதனால்தான் அவர் மேல் எல்லோருக்கும் உறுதிப்பட்டது. அப்பா மட்டும் கரிக் கையைத் துண்டில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. அடிக்குப் பயந்தேனா, பாதைக்காரர் மூட்டையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவார் என்று நினைத்தேனா, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

அடிக்காமல் விட்டார்கள். வாடகை கிடையாது, போ என்றார்கள். அவர் ஒரு தடவை கேட்டார், “வாடகைங்க?” என்று. மறுதடவை கேட்கவில்லை.

புரொஜெக்டரைச் சுற்றுகிற கம்பளி என் காலடியில் கிடந்தது. அதை எடுத்துத் தரச் சொல்லிக் கையைக் காட்டினார். கொடுத்தேன். குனிந்து சுற்றிக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“படத்துல பேசுனதெல்லாம் நானு, கண்ணு. அந்தாளு என்ன பேசுனான்னு எனக்கே தெரியாது.”

*

இரண்டு வாரம் கழித்துப் பாதைக்காரர் அரிசியோடு வந்தார். அம்மா அவரிடம் ஓடினாள். “அண்ணே, நீங்க சொன்னாக் கேப்பாய்ங்க. கீழ மார்க்கெட்டுல விசாரிச்சு அந்தப் படக்காரனப் பிடிச்சுக் குடுங்கண்ணே. புள்ள படிப்புண்ணே.”

“பாக்குறேன் தங்கச்சி” என்றார் அவர். இரண்டு படி அரிசியை அளந்து போட்டார், காசு வேண்டாம் என்றார். எனக்கு ஒரு கருப்பட்டித் துண்டு கொடுத்தார். கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சாக்கை உதறினார். பிறகு நான் அதைத் தின்றேன்.

அந்த இரண்டு படி அரிசிதான் வளர்ந்தது. அம்மா அதை லயம் முழுக்கச் சொன்னாள், எங்கள் கஷ்டத்தில் அவர் அரிசி தந்தார் என்று. அடுத்த வருடம் அது ஒரு மூட்டை அரிசியாக ஆனது. அவர் கீழே ஏதோ பள்ளத்தில் விழுந்து செத்தபின், அந்தப் புள்ள படிப்புக்கு உதவினார் என்று ஆனது. இப்போது ஆஸ்டலே வந்துவிட்டது. நாளைக்குக் குதிரையில் வந்து பணம் கட்டப்போகிறார். என் மகன் அந்தப் பழைய வெள்ளைக்காரப் படத்தை நான் சொன்ன அடையாளத்தை வைத்துக் கைபேசியில் தேடினான். அதுதானா என்று சத்தியம் செய்யமாட்டேன், பாறை அதே பாறை. அந்த நிஜக் கொள்ளைக்காரனைப் பற்றியும் படித்துச் சொன்னான். ரயிலில் வந்த சாதாரண ஜனங்களின் கைக்கடிகாரத்தைக்கூட விட்டுவைக்காத ஆளாம். படத்தில் சிலுவைப் பெட்டியின் முன்னால் அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அந்த இடத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு மகன் சொன்னான்: “ரெண்டுல கனமா இருக்குறத எடுன்னு சொல்றான்மா.”

ஆஸ்டல் இடம் வேறு பிள்ளைக்குப் போனது. நான் பன்னிரண்டு வயதில் களை வெட்டப் போனேன். அதற்காக அழுததாக நினைவில்லை, அட்டைப்பூச்சிக்குத்தான் அழுதேன். தம்பி பிற்பாடு படித்தான். அதுவும் இதுவும் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை.

ஒன்று மட்டும் உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்காது. அந்தப் படத்துக்கு வாடகை நாற்பத்தைந்து ரூபாய். ஐந்து ரூபாய் முன்பணம் போயிருந்தது. மீதியை வீட்டுக்கு இரண்டு ரூபாய் வீதம் இருபது வீட்டில் கங்காணி முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தார். படக்காரரைத் துரத்திய பின் அந்தப் பணத்தைக் கங்காணி என் அம்மா கையில் கொடுத்தார், பாவம் பிள்ளை படிப்புப் போனதே என்று. அதில் அம்மா எனக்குக் களை வெட்டப் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கம்பளியும், ஒரு சின்னக் கத்தியும் வாங்கினாள். மிச்சத்துக்கு அரிசி. பாதைக்காரரிடம்தான்.

கஞ்சிக்கோட்டிலிருந்து வாளையார் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். படக்காரரைத் தேடி மூன்று தடவை போய் விசாரித்தேன். செக்போஸ்ட் அருகே டீக்கடை வைத்திருக்கிற பெரியவர், “அப்புடி ஒருத்தரு பொட்டியத் தலையில வச்சுட்டுத் திரிஞ்சாருங்க. இப்ப இருக்காரோ என்னமோ, ஊடு எங்கயின்னு தெரியலீங்க” என்றார். எதிரே லாரிகள் வரிசையாக நின்றன. பதினேழு எண்ணினேன்.

கதவைத் திறந்தது நான். படக்காரர் பார்த்தார், சொல்லவில்லை. அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ நம் லயம் இன்னும் தர வேண்டியது நாற்பது ரூபாய்.